சம்பளம் இல்லை... துப்பாக்கி உண்டு! ஹைட்டியை நடுங்கவைத்த 'சாக்குப்பை மாமா' படையின் கதை

"ஒழுங்கா சாப்பிடு... இல்லைன்னா பூச்சாண்டிகிட்ட புடிச்சுக் கொடுத்துடுவேன்!"

இந்த மிரட்டலைக் கேட்காமல் வளர்ந்த குழந்தை நம்மூரில் இருக்க முடியாது. சில ஊர்களில் அவன் பூச்சாண்டி, சில ஊர்களில் சாக்குப்பைக்காரன், சில இடங்களில் பிள்ளை பிடிக்கிறவன்.

கரீபியன் கடலில், கியூபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி நாடு ஹைட்டி. அங்கேயும் ஒரு பூச்சாண்டி உண்டு. பெயர், 'டோன்டோன் மக்கூட்'. அவர்களுடைய கிரியோல் மொழியில் 'டோன்டோன்' என்றால் மாமா. 'மக்கூட்' என்றால் நாரில் பின்னிய தோள்பை. நல்ல பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் மாமா பரிசு கொண்டுவருவார். அடம்பிடிக்கும் பிள்ளைகளை இந்தப் பை மாமா ராத்திரியில் வந்து பையில் போட்டுத் தூக்கிப்போய்விடுவார். போன பிள்ளை திரும்பாது.

1950-களின் இறுதியில் இந்த மாமா கதையிலிருந்து இறங்கி, நிஜமாகவே தெருவுக்கு வந்தார். தோளில் பைக்குப் பதில் துப்பாக்கி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அவர் தூக்கிப்போனது, அதிபரை எதிர்த்துப் பேசியவர்களை. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

அதிபர் பிரான்சுவா டுவாலியே தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள உருவாக்கிய தனிப்படைக்கு மக்கள் வைத்த பெயர்தான் 'டோன்டோன் மக்கூட்'. தந்தை, மகன் என்று இரண்டு டுவாலியேக்களும் சேர்ந்து ஆண்ட 28 ஆண்டுகளில் 30,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

ராணுவம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. பிறகு எதற்கு ஓர் ஆட்சியாளருக்குத் தனியாக ஒரு படை? அந்தப் படை என்ன செய்யும்? அவர் போன பிறகு அந்தத் துப்பாக்கிகள் எங்கே போகும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஹைட்டியின் கதையில் பதில் இருக்கிறது.

ஊசி போட்ட டாக்டர், அதிபரான கதை

டுவாலியே ஒரு டாக்டர். 1940-களில் 'யாஸ்' என்ற தொற்றுநோய் ஹைட்டி கிராமங்களை வாட்டியது. தோலில் புண் வந்து எலும்புவரை பாதிக்கும் நோய் அது. அதை ஒழிக்க அமெரிக்க உதவியுடன் நடந்த திட்டத்தில் ஊர் ஊராகப் போய் பென்சிலின் ஊசி போட்டவர்களில் டுவாலியேவும் ஒருவர். மெலிந்த உருவம், தடிமனான கண்ணாடி, அதிர்ந்து பேசாத குரல். ஏழை மக்கள் பாசத்தோடு 'பாப்பா டாக்' என்று அழைத்தார்கள். அதாவது, 'அப்பா டாக்டர்'.

ஹைட்டிக்கு ஒரு பெருமை உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களே போராடி, பிரான்ஸ் நாட்டுப் படையைத் தோற்கடித்து, 1804-ல் சுதந்திரம் வாங்கிய நாடு அது. ஆனால், அதன்பிறகு நிம்மதி வாய்க்கவில்லை. 1915 முதல் 1934 வரை அமெரிக்கா அந்த நாட்டை ஆக்கிரமித்திருந்தது. அப்போது உருவாக்கப்பட்ட ராணுவம்தான் பின்னர் அதிபர்களை ஏற்றவும் இறக்கவும் செய்தது.

நாட்டின் பணமும் பதவியும் பெரும்பாலும் கலப்பின மேல்தட்டுக் குடும்பங்களிடம் இருந்தன. "பெரும்பான்மை கறுப்பின மக்களின் ஆட்சியைக் கொண்டுவருவேன்" என்பதுதான் டுவாலியேவின் வாக்குறுதி. 1957 செப்டம்பரில் நடந்த தேர்தலில், ராணுவத்தின் ஆதரவோடு அவர் வென்றார்.

அடுத்த ஆண்டே அவருக்கு ஓர் அதிர்ச்சி. 1958 ஜூலை இறுதியில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து ஒரு படகு வந்தது. அதில் ஹைட்டியின் முன்னாள் ராணுவ அதிகாரிகள் 3 பேர், அமெரிக்கர்கள் 5 பேர். மொத்தமே 8 பேர். அந்த 8 பேரும் அதிபர் மாளிகைக்குப் பக்கத்திலிருந்த ராணுவ முகாமைக் கைப்பற்றிவிட்டார்கள்! உள்ளே இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் என்பது தெரியவந்த பிறகே திருப்பித் தாக்கினார்கள். 8 பேரும் கொல்லப்பட்டார்கள்.

ஆனால் டுவாலியேவின் மனதில் ஒன்று பதிந்துவிட்டது. ராணுவத்தை நம்பி உட்கார முடியாது. 8 பேர் வந்தாலே விழும் முகாம், நாளைக்கு நம்மையே கவிழ்க்காது என்பது என்ன நிச்சயம்?

அவர் ராணுவத் தளபதிகளை அடிக்கடி மாற்றினார். 1961-ல் ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரியையே மூடினார். இன்னொரு பக்கம், தனக்கு மட்டுமே கட்டுப்பட்ட ஒரு படையை வளர்த்தார்.

முகமூடியில் தொடங்கி சீருடை வரை

இந்தப் படையின் முன்னோடி, முகமூடிக் கும்பல். டுவாலியே பதவியேற்ற சில மாதங்களிலேயே அது வேலையைத் தொடங்கிவிட்டது. ஆரம்பத்தில் சிக்கியவர்களில் ஒருவர் இவோன் ஹக்கீம் ரிம்பெல். பத்திரிகையாளர், பெண்கள் உரிமைக்கான போராட்டத்தின் முன்னோடி. 'எஸ்கால்' என்ற இதழை நடத்தி, தேர்தல் முறைகேடுகளைப் பற்றி எழுதினார். 1958 ஜனவரியில் ஒருநாள் இரவு முகமூடி ஆட்கள் வீடு புகுந்தார்கள். அவரை இழுத்துப்போய் சித்திரவதை செய்து, குற்றுயிராக வீசிவிட்டுப் போனார்கள். உயிர் பிழைத்தார். ஆனால், அவருடைய பேனா மௌனமாகிவிட்டது. அதைப் பார்த்து இன்னும் எத்தனை பேனாக்கள் மௌனமாகியிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

சில ஆண்டுகளில் முகமூடியே தேவைப்படவில்லை. 1962-ல் அந்தப் படைக்கு 'தேசப் பாதுகாப்புத் தன்னார்வலர்கள்' என்று அதிகாரப்பூர்வப் பெயர் சூட்டப்பட்டது. நீல டெனிம் உடை, கழுத்தில் சிவப்புத் துணி, தலையில் வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி.

இந்த உடையிலும் ஒரு கணக்கு இருந்தது. ஹைட்டி மக்களில் பலர் வழிபடும் வூடூ மரபில், உழவர்களின் தெய்வம் அசாக்கா. நீல டெனிம், சிவப்புத் துணி, வைக்கோல் தொப்பி, தோளில் மக்கூட் பை... இதுதான் அந்தத் தெய்வத்தின் கோலம். நம் ஊர் எல்லைச் சாமியின் உடையைப் போட்டுக்கொண்டு அடியாட்கள் வந்து நின்றால் எப்படி இருக்கும்? பயமும் பக்தியும் ஒன்றாகக் குழம்பிப்போகும் அல்லவா! டுவாலியேவுக்கும் அதுதான் தேவைப்பட்டது. அவரே கறுப்பு கோட்டும் தொப்பியும் அணிந்து, மயானத்தின் தலைவனான 'பாரோன் சாம்தி' என்ற வூடூ ஆவியை நினைவூட்டும்படி வலம்வந்தார்.

படையில் பெண்களும் இருந்தார்கள். 'மேடம் மேக்ஸ்' என்று அறியப்பட்ட ரோசாலி, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருந்த ஃபோர்ட் டிமான்ஷ் சிறையின் பொறுப்பாளராக இருந்து, பின்னர் இந்தப் படைக்கே தலைவியானார். அந்தச் சிறையின் பெயரைச் சொன்னாலே மக்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அடி, பட்டினி, காசநோய் என்று உள்ளே போனவர்கள் பலர் அங்கேயே இறந்தார்கள்.

சம்பளம் யார் கொடுத்தது?

இந்தப் படையின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. படையில் பெரும்பாலானவர்களுக்குச் சம்பளமே கிடையாது!

சம்பளத்துக்குப் பதில் அவர்களுக்குக் கிடைத்தது, எதைச் செய்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற உத்தரவாதம். கடைக்காரரிடம் மாமூல் வாங்கலாம். பக்கத்து நிலத்தை வளைத்துப்போடலாம். பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள, "இவன் அரசுக்கு எதிரானவன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போலீஸ் வராது, கோர்ட் கேட்காது. ஏனென்றால், அவர்கள் பதில் சொல்லவேண்டியது அதிபர் ஒருவருக்கு மட்டும்தான்.

சேர்ந்தவர்கள் எல்லோரும் பிறவிக் கொடூரர்களா? இல்லை. நிலமில்லாத விவசாயிகள், வேலையில்லாத இளைஞர்கள், வூடூ பூசாரிகள், ஊர் நிர்வாகிகள் எனப் பலதரப்பட்டவர்கள் சேர்ந்தார்கள். காலம் முழுக்க யாருமே மதிக்காத ஒருவருக்குத் திடீரென ஊரே எழுந்து நின்று வணக்கம் வைக்கிறது. அந்த போதை சிலருக்கு. "நாம் சேராவிட்டால் நம்மைத் தூக்குவார்கள்" என்ற பயம் சிலருக்கு. ஒரு வீட்டில் ஒருவர் படையில் இருந்தால் அந்த வீடு தப்பிக்கும் என்ற கணக்கு சிலருக்கு.

அரசுக்கோ இது பைசா செலவில்லாத படை. தெருவில் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் எந்த ரேடியோ கேட்கிறார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. ஏதாவது விபரீதம் நடந்தால், "அது மக்களின் கோபம்" என்று கைகழுவிவிடலாம். 1960-களின் தொடக்கத்திலேயே இந்தப் படையில் ராணுவத்தைவிட அதிகம் பேர் இருந்தார்கள்.

1961-ல் தேர்தல் என்ற பெயரில் ஒன்று நடந்தது. டுவாலியேவுக்கு ஆதரவாக 13,20,748 ஓட்டுகள். எதிராக? பூஜ்யம்! 1964-ல் தன்னை ஆயுட்கால அதிபராகவே அறிவித்துக்கொண்டார். அமெரிக்கா சில காலம் உதவியை நிறுத்திப் பார்த்தது. ஆனால், பக்கத்து கியூபாவில் ஃபிடல் காஸ்ட்ரோ இருக்கும்போது, கம்யூனிஸ எதிர்ப்பு பேசும் டுவாலியேவை ஒரேயடியாகக் கைவிட அதற்கு மனமில்லை.

உருவாக்கியவரையே விழுங்கிய படை

இந்தப் படையின் முதல் தலைவர் கிளெமோன் பார்போ. டுவாலியேவின் வலதுகை. 1959-ல் டுவாலியேவுக்கு மாரடைப்பு வந்து படுத்தபோது ஆட்சியையே கவனித்துக்கொண்டவர். குணமாகி எழுந்த டுவாலியேவுக்கு, நன்றிக்குப் பதில் சந்தேகம் வந்தது. 1960-ல் பார்போவைச் சிறையில் தள்ளினார். பிறகு வெளியே வந்த பார்போ, பழைய முதலாளிக்கு எதிராகவே சதி செய்யத் தொடங்கினார்.

1963 ஏப்ரல் 26. டுவாலியேவின் மகனும் மகளும் பள்ளிக்கு வந்து இறங்கிய நேரம். துப்பாக்கிச்சூடு. ஓட்டுநரும் மெய்க்காவலர்களும் இறந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. 'இவ்வளவு குறிபார்த்துச் சுடத் தெரிந்தவர் யார்?' என்று யோசித்த டுவாலியேவின் சந்தேகம், துப்பாக்கிச்சுடும் போட்டிகளில் பெயர் வாங்கிய ஒரு ராணுவ லெப்டினன்ட் மீது விழுந்தது. உண்மையில் அவர் ஏற்கெனவே வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றில் தஞ்சம் புகுந்திருந்தார். ஆனால் யார் விசாரித்தார்கள்? அவருடைய வீட்டுக்குள் புகுந்து பெற்றோரையும் வேலைக்காரர்களையும் கொன்று, வீட்டைக் கொளுத்தினார்கள். அன்று ஒரே நாளில் தலைநகரத்தில் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் காணாமல்போனார்கள்.

தாக்குதலுக்குப் பின்னால் இருந்தவர் பார்போ. 1963 ஜூலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கறுப்பு நாயாக உருமாறித் தப்பிக்கிறார் என்று யாரோ சொல்ல, ஊரில் உள்ள கறுப்பு நாய்களையெல்லாம் சுட்டுத்தள்ள டுவாலியே உத்தரவிட்டார் என்று ஒரு கதை ஹைட்டியில் இன்றும் உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, அன்றைய ஆட்சியைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டப்பட்ட மரண தண்டனை

1964 ஆகஸ்டில் 'இளைய ஹைட்டி' என்ற குழுவைச் சேர்ந்த 13 இளைஞர்கள், சர்வாதிகாரத்தை வீழ்த்தும் கனவோடு நாட்டின் தென்மேற்குக் கரையில் இறங்கினார்கள். சில மாதங்களில் 11 பேர் சண்டையில் இறந்தார்கள். அத்தோடு முடியவில்லை. அவர்களில் பலரின் சொந்த ஊரான ஜெரெமி பழிவாங்கப்பட்டது. ராணுவமும் தனிப்படையும் சேர்ந்து அந்த ஊரின் குடும்பங்களைச் சேர்ந்த 27 பேரைக் கொன்றன. அதில் முதியவர்களும் சின்னஞ்சிறு குழந்தைகளும் அடக்கம். வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன.

உயிரோடு பிடிபட்ட இருவர், மார்செல் நுமா, லூயி துருவேன். 1964 நவம்பர் 12 அன்று தலைநகர மயானத்தின் சுவரோரம் கம்பத்தில் கட்டிவைத்து இருவரையும் சுட்டார்கள். அன்று பள்ளிகளுக்கு விடுமுறை. எதற்குத் தெரியுமா? மாணவர்களை அழைத்துவந்து இதைப் பார்க்கவைக்க! டி.வி-யிலும் அது ஒளிபரப்பானது. அடுத்த தலைமுறைக்கும் சேர்த்தே பயத்தை விதைத்தார்கள்.

படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டு வெளியேறினார்கள். டாக்டர்கள், ஆசிரியர்கள், இன்ஜினீயர்கள் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனார்கள். அந்த இழப்பிலிருந்து ஹைட்டி இன்னும் மீளவில்லை.

பயம் தீர்ந்த நாள்

1971 ஏப்ரலில் 'பாப்பா டாக்' நோயால் இறந்தார். 19 வயது மகன் ழான் குளோத் அதிபரானார். உலகம் அவரை 'பேபி டாக்' என்றது. அவர் காலத்தில் முகப்பூச்சு மாறியது, முகம் மாறவில்லை. 1980 நவம்பரில் சுதந்திர ரேடியோக்கள் அடித்து மூடப்பட்டன. பத்திரிகையாளர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 1983-ல் வந்த போப் இரண்டாம் ஜான் பால், இங்கே ஏதாவது மாறியே ஆகவேண்டும் என்று அதிபரின் மண்ணிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

1985 நவம்பர் 28. கோனாயீவ் நகரில் அரசுப் படையினர் சுட்டதில் பள்ளி மாணவர்கள் 3 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி கத்தோலிக்க ரேடியோ வழியாக ஊர் ஊராகப் பரவியது. பள்ளிகள் நின்றன, கடைகள் அடைக்கப்பட்டன. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 1986 பிப்ரவரி 7 அன்று, 'பேபி டாக்' அமெரிக்க விமானத்தில் ஏறி பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்து நடந்ததை ஹைட்டியர்கள் 'டெஷுக்காஜ்' என்கிறார்கள். வேரோடு பிடுங்குதல் என்று அர்த்தம். தனிப்படை கலைக்கப்பட்டது. 'பாப்பா டாக்'கின் கல்லறையை மக்கள் உடைத்தார்கள். மக்கூட்களைத் தேடித் தேடி அடித்தார்கள், சிலரை அடித்தே கொன்றார்கள். 28 வருடக் கோபம் அது. ஆனால், நீதிமன்றம் செய்யவேண்டியதைத் தெரு செய்தால் அது நீதி ஆகாது. சிக்கியவர்கள் பெரும்பாலும் சின்ன ஆட்கள். பெரிய தலைகள் பலர் தப்பிவிட்டார்கள். துப்பாக்கிகளும் முழுதாகத் திரும்பி வரவில்லை.

படை கலைந்தது... பழக்கம் கலையவில்லை!

1987 நவம்பர் 29 அன்று, டுவாலியேக்களுக்குப் பிறகான முதல் பொதுத்தேர்தல். தலைநகரில் பள்ளி ஒன்றில் ஓட்டுப்போட வரிசையில் நின்றவர்கள்மீது ராணுவத்தினரும் முன்னாள் மக்கூட்களும் பாய்ந்தார்கள். அன்று 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேர்தல் ரத்தானது. 1988 செப்டம்பரில், ழான் பெர்ட்ரான் அரிஸ்டைட் என்ற பாதிரியார் பூசை நடத்திக்கொண்டிருந்த தேவாலயத்துக்குள் ஆயுதக் கும்பல் புகுந்து குறைந்தது 13 பேரைக் கொன்றது.

அதே அரிஸ்டைட் 1990 டிசம்பர் தேர்தலில் அமோகமாக வென்றார். அவர் பதவியேற்பதற்குள் முன்னாள் மக்கூட் தலைவர் ரோஜே லஃபோன்டான் அதிபர் மாளிகையைக் கைப்பற்றினார். இந்தமுறை மக்கள் பயப்படவில்லை. ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி அந்தச் சதியை முறியடித்தார்கள். ஆனால், 1991 செப்டம்பரில் ராணுவமே ஆட்சியைக் கவிழ்த்தது. 1993-ல் 'ஃப்ராப்' என்ற புதிய ஆயுதக்குழு முளைத்தது. பெயர் வேறு, வேலை அதேதான். பின்னாளில் மீண்டும் ஆட்சிக்கு வந்த அரிஸ்டைட் தரப்பின் மீதே, சேரி இளைஞர்களுக்கு ஆயுதம் கொடுத்து எதிர்ப்பாளர்களை மிரட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது.

2018 நவம்பரில் லா சாலின் என்ற ஏழைக் குடியிருப்பில் குறைந்தது 71 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலை தொடர்பாக, முன்னாள் போலீஸ்காரரான கும்பல் தலைவர் ஜிம்மி ஷெரிசியே மீதும், அன்றைய அரசில் இருந்த இரண்டு அதிகாரிகள் மீதும் 2020-ல் அமெரிக்கா தடை விதித்தது. இன்று தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருக்கிறது. 2024-ல் மட்டும் வன்முறையில் 5,600-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொல்கிறது. இன்றைய கும்பல்கள் மக்கூட்களின் நேரடி வாரிசுகள் அல்ல. வறுமை, போதைக்கடத்தல், பூகம்பம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால், எதிரியை அடக்கத் தெருவுக்குத் துப்பாக்கி கொடுக்கலாம் என்ற வழியைப் போட்டுக்கொடுத்தது அந்தக் காலம்தான்.

ஹைட்டியோடு முடியவில்லை

சூடானைப் பாருங்கள். 2003-ல் டார்ஃபூர் பகுதியில் எழுந்த கிளர்ச்சியை அடக்க, அதிபர் ஒமர் அல் பஷீரின் அரசு 'ஜன்ஜவீத்' என்ற குதிரைப்படைக் கும்பல்களுக்கு ஆயுதம் கொடுத்தது. 2013-ல் அவர்களிலிருந்தே 'அதிவிரைவு ஆதரவுப் படை' உருவாக்கப்பட்டது. 2019-ல் மக்கள் எழுச்சியின்போது, பஷீரைப் பதவியிலிருந்து இறக்கியவர்களோடு அந்தப் படையின் தலைவரும் நின்றார்! 2023 ஏப்ரலில் அந்தப் படைக்கும் ராணுவத்துக்கும் போர் மூண்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள்.

வெனிசுலாவில் 2017 ஜூலையில், அரசு ஆதரவு ஆயுதக்குழுவினர் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்து எதிர்க்கட்சி எம்.பி-க்களை ரத்தம் சொட்ட அடித்தார்கள். இரானில் 'பசீஜ்' தன்னார்வப் படை 2009-லும் 2022-லும் போராட்டங்களை ஒடுக்கக் களமிறக்கப்பட்டது. நாடு வேறு, கொள்கை வேறு, மொழி வேறு. சீருடைக்கும் சட்டத்துக்கும் இடையில் இருக்கும் அந்த இருட்டு இடம் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

நீதி வந்ததா?

2011 ஜனவரியில், 25 ஆண்டுகள் கழித்து 'பேபி டாக்' திடீரென ஹைட்டி திரும்பினார். பாதிக்கப்பட்டவர்கள் விடவில்லை, வழக்கு தொடுத்தார்கள். 2013-ல் நீதிமன்றத்தில் அவர் ஆஜராகி, தன்னால் சிறைப்பட்டவர்கள் முன்னிலையிலேயே கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது என்று 2014 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. விசாரணை முழுமை அடைவதற்குள், அதே ஆண்டு அக்டோபரில் மாரடைப்பால் அவர் இறந்துவிட்டார்.

தண்டனை கிடைக்கவில்லை. ஆனால், அந்த வழக்குக்காக வயதான பெண்களும் ஆண்களும் பல பத்தாண்டுகள் வாய்திறக்காமல் வைத்திருந்ததைப் பேசினார்கள். எந்த வீட்டிலிருந்து, எந்த நாளில், யாரைத் தூக்கிப்போனார்கள் என்பது பதிவானது. ஏப்ரல் 26-ஐ நினைவுநாளாகக் கடைப்பிடித்து, காணாமல்போனவர்களின் பெயர்களைக் குடும்பங்கள் சொல்கின்றன.

மக்கூட்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைக்குள்ளிருந்து வந்தவர்கள். அவர்கள் மறுபடியும் வெறும் கதையாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக, தேதியோடு சொல்லப்படுகின்றன.